2147483647-ஐ யார் வகுப்பார்? மலையிலிருந்து வந்த கேள்விகள்

செல்போன் கேமில் என் ஸ்கோர் 2147483647-க்கு மேல் ஏறவே இல்லை. இது பகா எண் என்பதாலா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, கோத்தகிரி)

இல்லைம்மா. எண்ணை 32 பிட்டில் (0 அல்லது 1 மட்டும் வைக்கும் 32 இடங்களில்) வைக்கும்போது ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டும் 1 ஆக நிரம்பினால் வருவது இதுதான், அதாவது 2-ன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. ஆனால் அது பகா எண் என்பதும் உண்மை.

கால்குலேட்டர் இல்லாத காலத்தில் அதை எப்படி உறுதி செய்தார்கள்? (கல்லூரி மாணவர், குன்னூர்)

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. இதை நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர், 1772-ல், கண் பார்வை கிட்டத்தட்ட முழுவதும் போன பிறகு. ஓர் எண் பகு எண் என்றால் அதன் வர்க்கமூலத்துக்குள் ஒரு வகுத்தி இருந்தே தீரும்; இங்கே வர்க்கமூலம் 46340-ஐச் சற்றுத் தாண்டும். எண்ணுக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால், மேட்டுப்பாளையத்தில் ஏறி ஊட்டி வரை நம் மலை ரயில் போகிற சுமார் 46 கிலோமீட்டர், மீட்டருக்கு மீட்டர் இறங்கிப் பார்க்க வேண்டும். ஆய்லர் அப்படிச் செய்யவில்லை. இதை வகுக்கும் பகா எண்ணை 31-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்கள்தான் தேறும், அதாவது 248 மீட்டருக்கு இரண்டே இடத்தில் இறங்கினால் போதும். எண்ணிப் பாருங்கள், மொத்தம் 373 இடம். அதிலும் 63 மாதிரி பகு எண்களைத் தள்ளிவிடலாம். மிஞ்சியவற்றில் ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை, அவ்வளவுதான் நிரூபணம்!

அப்போ 2-ன் அடுக்கில் ஒன்று குறைத்துப் பகா எண் கிடைக்க, அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதுமா? (ஆசிரியை, கொடைக்கானல்)

போதாது. 11-ஐப் போடுங்கள்: 2047 வரும், அது 23 × 89. (இரண்டுமே 11-ஆல் வகுத்தால் மீதி 1 தருவதைக் கவனியுங்கள், அதே விதி.) இப்படிப் பகா எண் தரும் அடுக்குகள் என்று மெர்சென் என்ற கணித அறிஞர் போட்ட பட்டியலில் 1644-லேயே 67-ஐயும் சேர்த்திருந்தார், 1903-ல் கோல் என்பவர் 2-ன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணைக் காரணிப்படுத்திக் காட்டினார், 193707721 × 761838257287 என்று. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், விடையும் பகு எண்தான்.

2024-ல் கண்டுபிடித்த பெரிய பகா எண்ணின் கடைசி இலக்கம் என்ன? எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டுமா? (தேயிலைத் தோட்ட ஊழியர், கூடலூர்)

எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதுங்க, மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். நொடிக்கு ஒன்று என்று இரவு பகலாக எழுதினாலும் 474 நாள் தாண்டும். ஆனால் கடைசி இலக்கத்துக்கு ஒரு பேனாகூட வேண்டாம். 2-ன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடிந்து, மறுபடி 2-லிருந்து தொடங்கும். இந்த எண்ணும் 2-ன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவுதான். 136279841-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, ஆகவே 2-ன் அந்த அடுக்கு முடிவது 2-ல். அதில் ஒன்று கழித்தால் 1.