இன்டர்வியூவுக்கு முன் லேசாகப் படபடப்பாக இருந்தால், அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

'ஐ ஆம் டென்ஷன்' என்று மட்டும் வேண்டாம். டென்ஷன் பெயர்ச்சொல், 'நான் பதற்றம்' என்பது போல ஒலிக்கும். 'டென்ஸ்ட்' என்பதும் நம் ஊரில்தான் செல்லுபடி. ஆங்கிலம் தாய்மொழியாகப் பேசுபவர்கள் சொல்வது 'டென்ஸ்'. அதுவும் உடம்பு இறுகிப்போன நிலை, லேசான படபடப்புக்குக் கொஞ்சம் அதிகம்.

'ஐ ஆம் எ பிட் நெர்வஸ்' போதும். அந்த 'எ பிட்'தான் 'கொஞ்சம்' என்ற அளவைத் தருகிறது. எதைப் பற்றி என்று சேர்க்க 'அபௌட்' போடுங்கள். 'நெர்வஸ் ஃபார் ஹெர்' என்றால் அவளுக்காக நாம் படபடக்கிறோம் என்று பொருள் மாறிவிடும்.

எனக்குப் பிடித்தது 'ஐ ஹாவ் பட்டர்ஃப்ளைஸ் இன் மை ஸ்டமக்'. வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கிறதாம்! நமக்கும் பயம் வயிற்றில்தான், ஆனால் நாம் புளியைக் கரைக்கிறோம். அது கடுமையான பயம். இது மேடையேறும் முன் வரும் குறுகுறுப்பு, அதில் ஆசையும் கொஞ்சம் கலந்திருக்கும்.

கை நடுங்கி, ஓரிடத்தில் உட்கார முடியாவிட்டால் 'ஜிட்டரி'. காபி அதிகமானாலும் இதே சொல்தான். எரிச்சலும் சேர்ந்தால் 'ஆன் எட்ஜ்'.

அப்புறம், 'கோல்ட் ஃபீட்' என்பதை இங்கே போடாதீர்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை பின்வாங்கப் பார்க்கிறாரே, அது அதற்கானது. இன்டர்வியூ அறையில் சொன்னால் வேலையே வேண்டாம் என்கிறீர்களோ என்று நினைத்துவிடுவார்கள்.