எல்லோருக்கும் ஒரே தேர்வு என்றால் பாகுபாடு எங்கிருந்து வரும்?

அமெரிக்காவில் பணி உயர்வில் நிறப் பாகுபாடு இருப்பதாகச் சொன்னால், "தேர்வு எல்லோருக்கும் பொதுதானே, தகுதி உள்ளவர் தேறட்டும்" என்கிறீர்கள். அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் டான் ரிவர் மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கறுப்பினத் தொழிலாளிகளுக்குக் கிடைத்தது கூலி வேலைப் பிரிவு ஒன்றுதான். அதில் மிக அதிகச் சம்பளம் வாங்கியவர்கூட, மற்றப் பிரிவுகளின் கடைசி ஆளைவிடக் குறைவாகவே வாங்கினார். வேலைப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புது விதி போட்டது: மற்றப் பிரிவுகளில் புதிதாகச் சேர, பள்ளி இறுதிச் சான்றிதழோடு இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும்.

விதியில் நிறம் என்ற சொல்லே இல்லை. ஆனால் 1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடித்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். பிள்ளைகளைத் தனித்தனிப் பள்ளியில் பிரித்து வைத்து, ஒரு தரப்புக்கு மட்டமான கல்வி கொடுத்த ஊர் அது. தேர்ச்சி மதிப்பெண்ணோ, பள்ளிப் படிப்பு முடித்தவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேரை வடிகட்டிவிடும் அளவு.

என்னை உலுக்குவது இதுதான்: சான்றிதழும் இல்லாமல், தேர்வும் எழுதாமல் முன்பே சேர்ந்திருந்த வெள்ளைத் தொழிலாளிகள் அதே வேலைகளை நன்றாகவே பார்த்தார்கள், பதவி உயர்வும் பெற்றார்கள். அப்படியென்றால் அந்தத் தேர்வு அளந்தது வேலைத் தகுதியை அல்லவே!

இதை எதிர்த்துக் கறுப்பினத் தொழிலாளிகள் போட்ட வழக்கில், 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றது. தேர்வு வைப்பது தவறில்லை. ஆனால் அது ஒரு தரப்பை ஒதுக்குகிறது என்றால், வேலைக்கும் அதற்கும் உள்ள தொடர்பை முதலாளிதான் காட்ட வேண்டும்.