நட்சத்திரப் படிப்பு சோறு போடுமா?

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அம்மா. மகள் பிளஸ் டூ, வானியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்த்தால் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் போகிற போக்கில், வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டுத் திரும்ப ஓடவும் வைத்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

ராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் 2022-இல் புதிதாக 2.5 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்று வந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்துடையது. தொலைநோக்கி ஒளியைச் சேர்த்துக் கொடுக்கும், அவ்வளவுதான். அதைக் கண்ணாடி இழை வழியே வாங்கி, சிடியின் பின்பக்கத்தில் தெரிகிற வானவில் மாதிரி நிறம் நிறமாகப் பிரிப்பது பாராஸ்-2 என்ற நிறமாலைமானி. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடத்தான் இந்தக் கருவி. கோள் சுற்றும்போது அதன் நட்சத்திரமும் லேசாக ஆடும். வியாழன் நம் சூரியனையே நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தில் நிறமாலைக் கோடுகள் இம்மியளவு நகரும். அறைச் சூடு கொஞ்சம் மாறினாலும் அவை நகர்ந்துவிடும் என்பதால் கருவியை வெற்றிடக் கலத்துக்குள் அடைத்து, ஒரே வெப்பநிலையில் காக்கிறார்கள். பூமியைப் போல் சுமார் 60 மடங்கு நிறையுள்ள கோள் ஒன்றை 2024-இல் இப்படித்தான் அறிவித்தார்கள்.

இந்த வேலைக்கு வானியலாளர் மட்டும் போதாது. லென்ஸ் வடிவமைப்பவர், வெற்றிட பம்பைக் கவனிப்பவர், எலெக்ட்ரானிக்ஸ், மென்பொருள் ஆட்கள் என்று எல்லாரும் வேண்டும். மெக்கானிக்கல் படித்தவருக்கும் இடமுண்டு. மிக்ஸியைப் பிரித்து மாட்டிய உங்கள் மகளுக்கு, கருவி செய்யும் இந்தப் பக்கம்தான் பொருந்தும் என்பது என் கணிப்பு.

ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வை எழுதட்டும். கிடைக்காவிட்டால் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், அப்புறம் எம்.எஸ்சி.க்கு ஜாம், ஆராய்ச்சிக்கு ஜெஸ்ட் என்று நுழைவுத்தேர்வுகள் உண்டு. பி.இ. வழியாகவும் வரலாம். ஆராய்ச்சி மாணவருக்குத் தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நிரந்தர வேலைக்குப் பத்து வருடம்கூட ஆகலாம், இடங்களும் குறைவு. இதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒளியியலும் வெற்றிட நுட்பமும் கைவந்தவருக்கு செயற்கைக்கோள், செமிகண்டக்டர் பக்கமும் வேலை உண்டு.

சரி, அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஜவ்வாது மலைக் காவலூருக்கு அவளைக் கூட்டிப் போங்கள். பார்வை நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. அதைப் பார்த்து வாய் பிளந்தது போதுமென்று, நிறமாலைமானி எந்த அறையில் இருக்கிறது என்று அவள் கேட்கிறாளா பாருங்கள். கேட்டால் எனக்கு எழுதுங்கள்.