மூன்று கிரீடமும் ஓர் எழுத்தும்: ஸ்வீடன் வெள்ளி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய சாமான் சந்தையில் ஆறு காபி ஸ்பூன் வாங்கினேன். பின்பக்கம் 'சி.ஜி.எச்.', மூன்று கிரீடம், அறுகோணத்துக்குள் 'எஸ்', கிரீடம் வைத்த ஒரு தலை, 'எஃப் 8' எல்லாம் இருக்கின்றன. ஆனால் 925, 830 என்று எண் எதுவும் இல்லை. வெள்ளிதானா?

பதில்: வெள்ளிதான். நமக்கு எண்ணைத் தேடியே பழக்கம்; அந்தக் கால ஸ்வீடனில் அந்த வேலையை 'எஸ்' பார்த்துக்கொண்டது. 1912இல் புழக்கத்துக்கு வந்த முத்திரை அது. ஆயிரம் பங்கில் குறைந்தது 830 பங்கு வெள்ளி என்று அர்த்தம். மூன்று கிரீடமும் மூவிதழ் வடிவச் சட்டத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அரசு சோதனை முத்திரை. அந்த ஊர் சேகரிப்பாளர்கள் அதைப் 'பூனைப்பாதம்' என்பார்கள். தலை, ஸ்டாக்ஹோமின் நகரச் சின்னமான புனித எரிக். சி.ஜி.எச். அதே நகரத்து சி. ஜி. ஹால்பெர்க் நிறுவனம்.

இனி ஆண்டு. 1759இல் நாடு முழுவதற்கும் பொதுவாக ஆண்டு எழுத்து முறை வந்தது. ஜே, டபிள்யூ இரண்டும் கிடையாது. மீதி 24 எழுத்து, ஆண்டுக்கு ஒன்று. 24 ஆண்டு முடிந்ததும் மறுபடி ஏ. முதல் சுற்றில் வெறும் எழுத்து மட்டும். 1783இல் தொடங்கிய இரண்டாம் சுற்றிலிருந்து கூடவே சுற்றின் எண்ணும் வரும். 7ஆம் சுற்று 1903இல், 8ஆவது 1927இல், 9ஆவது 1951இல் தொடங்கின. எஃப் ஆறாவது எழுத்து. ஆகவே உங்கள் ஸ்பூன்கள் 1932. கடைக்காரர் '19ஆம் நூற்றாண்டு' என்று சொல்லி விலை ஏற்றியிருந்தால் அது அவருடைய கற்பனை.

கேள்வி: என்னிடமுள்ள கரண்டியில் ஆண்டு முத்திரை தேய்ந்துவிட்டது. 'எல் 3' மாதிரியும் தெரிகிறது, 'எல் 8' மாதிரியும் தெரிகிறது.

பதில்: அடிக்கடி வரும் கேள்வி. எல் 3 என்றால் 1817, எல் 8 என்றால் 1937. இடையில் 120 வருஷம். விலையிலும் பெரிய வித்தியாசம் வரும். எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம், பக்கத்தில் 'எஸ்' இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் 1937 தான். 1817இல் அந்த முத்திரையே பிறக்கவில்லை. எஸ் இல்லை, பூனைப்பாதமும் நகர முத்திரையும் சரியாக இருக்கின்றன என்றால் 1817 பக்கம் சாயலாம். படிக்க ஒரு வழி: அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழும், அப்போது போட்டோ எடுங்கள். பாலிஷ் பேஸ்ட்டை மட்டும் முத்திரை மேல் கொண்டுபோக வேண்டாம், மிச்சமிருப்பதும் போய்விடும்.

கேள்வி: 'என்.எஸ்.' என்று இருந்தால் என்ன தரம்? காந்தம் ஒட்டவில்லை.

பதில்: அது ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. மேலே வெள்ளி முலாம் இருக்கலாம். காந்தம் அதிலும் ஒட்டாது, வெள்ளியிலும் ஒட்டாது. 'ஆல்பக்கா' என்று இருந்தாலும் இதே கதைதான்.

கேள்வி: எனக்கு வந்த பதக்கத்தில் 'என் 7' இருக்கிறது. உங்கள் கணக்குப்படி 1915. ஆனால் பார்ப்பதற்கு ரொம்ப மாடர்னாக இருக்கிறதே?

பதில்: உங்கள் கண் சரியாகத்தான் சொல்கிறது. கிரீடம் மூன்றா, அல்லது இதயத்துக்குள் ஒன்றே ஒன்றா? ஒன்று என்றால் அது பின்லாந்து. 1809 வரை பின்லாந்து ஸ்வீடன் ஆட்சியில் இருந்தது. பிரிந்த பிறகும் அதே பாணியில் ஆண்டு எழுத்தை வைத்துக்கொண்டது; ஆனால் கணக்கை 1810இல் புதிதாகத் தொடங்கியது. அதனால் அங்கே என் 7 என்பது 1966. முதலில் நாடு, அப்புறம்தான் ஆண்டு. விற்பனை விளம்பரங்களில் இந்த இரண்டு நாடும் மாறிப்போவது சர்வசாதாரணம்.

கேள்வி: மூக்குப்பொடி டப்பா ஒன்றில் பூனைப்பாதமும் 'எம்' என்ற எழுத்தும் மட்டும் தெரிகின்றன. அடியில் பாம்பு போல வளைந்த கீறல் வேறு. கீறலைத் தேய்த்து எடுத்துவிடலாமா?

பதில்: ஐயோ, தொடாதீர்கள்! சோதனைக்காகச் சிறிது உலோகத்தைச் சுரண்டி எடுத்த தடமாக இருக்கும் அது. பூனைப்பாதம் 1754இல் வந்தது, எண் இல்லாத எழுத்து முதல் சுற்று, அதனால் 1770. அந்தக் கால வெள்ளியின் சட்டத் தரம் ஏறக்குறைய 828. பழைய கணக்கில் பதினாறுக்குப் பதின்மூன்றே கால் பங்கு.

வாங்கும் முன் ஒன்று பாருங்கள். முத்திரையைச் சுற்றி மெல்லிய பற்றவைப்புக் கோடு தெரிகிறதா? உடைந்த ஸ்பூனிலிருந்து முத்திரைத் துண்டை வெட்டிப் புதிய டப்பாவில் பதிக்கும் கைங்கரியம் பழைய வெள்ளிச் சந்தைக்குப் புதிதல்ல. டப்பா மேல் வாயால் ஊதினால், ஆவி படியும்போது கோடு சில சமயம் தானே காட்டிக்கொடுக்கும். அச்செல்லாம் மழுங்கி, ஓரம் உருண்டிருந்தால் வார்ப்பில் நகலெடுத்ததாக இருக்கலாம். சுத்தியல் அடித்த முத்திரைக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும்.

கேள்வி: மூன்று கிரீடம் முட்டை வடிவத்துக்குள் இருக்கிறது. இது பூனைப்பாதம் இல்லையா?

பதில்: இல்லை. அது இறக்குமதி முத்திரை. பொருள் வெளிநாட்டில் செய்தது, ஸ்வீடனில் சோதித்தது. அதை வைத்து 'ஸ்வீடிஷ் வெள்ளி' என்று விற்றால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: 'ஸ்வென்ஸ்க்ட் தென்', 'எஃப் 8' என்று பொறித்த கிண்ணம் கறுத்திருக்கிறது. வெள்ளி விலைக்கு வாங்கலாமா?

பதில்: ஆண்டு 1932தான், ஆனால் உலோகம் வெள்ளீயக் கலவையான பியூட்டர். ஸ்வென்ஸ்க்ட் தென், 1924இல் ஸ்டாக்ஹோமில் எஸ்த்ரித் எரிக்சன் தொடங்கிய நிறுவனம். தன் பியூட்டர் சாமான்களிலும் இதே ஆண்டு எழுத்தைப் பொறித்தது. பூனைப்பாதமும் எஸ்ஸும் இருக்காது. வடிவம் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், பியூட்டர் விலைக்கு.