சுவர் வழக்கில் தீர்ப்பு வந்தாச்சு, அப்பீல் போகலாமா?

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டியதில் என் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது. 90,000 ரூபாய் கேட்டேன். முன்சீப் கோர்ட் 30,000 தான் கொடுத்தது. இன்ஜினியர் ரிப்போர்ட் வாங்கி அப்பீலில் போடலாமா?

முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்டு மனு போட்டீர்களா? மேல்கோர்ட்டான சப் கோர்ட்டில் அப்பீல் செய்ய தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள். சான்றிட்ட நகல் தயாராக கோர்ட் எடுத்துக்கொள்ளும் நாட்கள் கணக்கில் கழியும். நீங்கள் மனு போடாமல் வீட்டில் இருந்த நாட்கள் கழியாது.

ரிப்போர்ட் விஷயம் சிரமம்தான். "வழக்கு நடக்கும்போதே ஏன் வாங்கவில்லை?" என்றுதான் நீதிபதி கேட்பார். அப்போது முயன்றும் கிடைக்கவில்லை என்றோ, கீழ்க்கோர்ட் வாங்க மறுத்தது என்றோ காட்டினால்தான் புதுச் சாட்சியத்துக்கு வழி (உரிமையியல் நடைமுறைச் சட்டம், ஆணை 41, விதி 27). அதனால் வழக்கில் ஏற்கெனவே மார்க் ஆன (சான்றாகப் பதிவான) ஆவணங்களையும் சாட்சியங்களையும் புரட்டுங்கள். என்னிடம் வந்த ஒரு வழக்கில், சிமென்ட் கடை பில்லில் எழுத்தே மங்கிப்போயிருந்தது. ஆனால் கொத்தனார் தன் குறுக்கு விசாரணையில் எத்தனை மூட்டை, என்ன கூலி என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பீலுக்கு அதுதான் பிடி.

இன்னொன்று: நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எதிராளியும் அந்த 30,000-ஐ எதிர்த்துக் குறுக்கு ஆட்சேபம் போடலாம். கையில் இருப்பதும் போகக்கூடும்.

நான் பிரதிவாதி. அப்பீல் போட்டாச்சு, ஜப்தி செய்ய அமீனா (கோர்ட் ஊழியர்) வரமாட்டார்தானே?

வருவார். அப்பீல் போட்டாலே ஸ்டே (தீர்ப்பை நிறைவேற்றத் தடை) ஆகிவிடாது. தனியாக மனு போட வேண்டும். பணம் கொடுக்கச் சொல்லும் டிகிரி (தீர்ப்பாணை) என்பதால் தொகையை டெபாசிட் செய்யவோ ஜாமீன் காட்டவோ கோர்ட் சொல்லும். பணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோர்ட்டுக்கு வராததால் எக்ஸ்பார்ட்டி (ஒருதலை) டிகிரி ஆகிவிட்டது.

அப்பீலுக்கும் இடமுண்டு. ஆனால் அதே கோர்ட்டில் டிகிரியை ரத்து செய்யக் கேட்பதுதான் நேர் வழி. 30 நாள் கெடு. சம்மன் முறைப்படி உங்களிடம் சேரவில்லை என்றால் டிகிரி பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து எண்ணலாம்.

18,000 ரூபாய் வழக்கு. ஹைகோர்ட் வரை போவேன்!

கோபம் புரிகிறது. ஆனால் 25,000 வரையிலான பண வழக்குக்கு இரண்டாவது அப்பீலே கிடையாது (உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 102).

லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டேன், இப்போது மனசு மாறிவிட்டது.

அதற்கு அப்பீல் இல்லை.