ஓவர்க்ளாக் செய்த புராசசர் நிலையாக ஓடுகிறது என்று எப்போது நம்பலாம்?

ஓவர்க்ளாக் செய்து, அதாவது தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி, புராசசரின் எல்லாக் கோர்களையும் (கணக்குப் போடும் தனித்தனி அலகுகள்) 5 கிகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோய்விட்டேன், வேகம் அளக்கும் டூலான சினிபெஞ்ச் 10 நிமிடம் ஓடியது, கேமும் நிற்காமல் ஓடுகிறது, இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. கம்ப்யூட்டர் விழவில்லை என்பது மட்டும்தான் இதிலிருந்து தெரிகிறது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அது கணக்கைத் தப்பாகப் போடவில்லை என்பதை. இரண்டும் ஒன்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அதனால் எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் என் டெஸ்க்டாப்பை 4.6 கிகாஹெர்ட்ஸில் வைத்திருந்தேன். மூன்று வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை, ஒரு நீலத்திரைகூட வரவில்லை. அப்புறம் ஒருநாள் குடும்பப் புகைப்படங்கள் மொத்தத்தையும் ஒரே ஆர்கைவாகச் சுருக்கி வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, சும்மா ஒருமுறை பிரித்துப் பார்த்தேன். இரண்டு ஃபைலில் சிஆர்சி பிழை, அதாவது சுருக்கும்போது குறித்துவைத்த சரிபார்ப்பு எண்ணோடு பிரித்தது பொருந்தவில்லை. டிஸ்க்தான் போய்விட்டது என்று நினைத்து கேபிளை மாற்றினேன், வேறு டிஸ்க்கில் போட்டேன், மறுபடி மறுபடி சுருக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பிழை வந்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு ஃபைலில் வந்தது. அதைக் கவனித்தபோதுதான் சந்தேகம் புராசசர் பக்கம் திரும்பியது, ஏனென்றால் டிஸ்க் இரண்டு மாறியும் பிழை விடவில்லை, மூலப் படங்களோ எல்லாம் ஒழுங்காகத் திறந்தன. பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் திரை) எல்லாவற்றையும் இயல்புக்குக் கொண்டுவந்து அதே படங்களைச் சுருக்கினேன், ஒரு பிழையும் இல்லை. பழைய ஓவர்க்ளாக்கைத் திரும்பப் போட்டு, கனமான கணக்குகளைப் போட்டுச் சோதிக்கும் பிரைம்95 டூலை ஓட்டினேன். நான்காவது நிமிடத்தில் ஒரு வொர்க்கர் (அதில் கணக்குப் போடும் தனி ஓட்டம்) நின்றது: ரவுண்டிங் 0.5 வந்திருக்கிறது, 0.4-க்குக் குறைவாக இருந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி, அதாவது கணக்கு தப்பு. மற்ற வொர்க்கர்கள் ஓடிக்கொண்டே இருந்தன, மவுஸ் நகர்ந்தது, பிரவுசர் திறந்தது. பார்க்கிறவருக்கு அது முழு ஆரோக்கியமான கம்ப்யூட்டர்.

மூலப் படங்கள் தனியாக இருந்ததால் தப்பித்தேன். சுருக்கிய கையோடு அவற்றை அழித்திருந்தால் அவ்வளவுதான்.

ஏன் இப்படி ஆகிறது? 4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 250 பிகோசெகண்ட் நேரம் இருக்கிறது, 5-இல் 200 தான். அந்த நேரத்துக்குள் சிக்னல் ஒரு முனையிலிருந்து கிளம்பி, நடுவில் உள்ள டிரான்சிஸ்டர்களையெல்லாம் தாண்டி, அடுத்த முனையில் போய் நிற்க வேண்டும். மிக நீளமான பாதையில் போகிற ஒரு பிட் சற்றுத் தாமதமானால் பழைய மதிப்பே பதிவாகிவிடும். அது முக்கியமான முகவரியாக இருந்தால் சிஸ்டம் விழும். படத்தின் ஒரு பிக்சலாக இருந்தால் யாருக்கும் தெரியாது. வோல்டேஜை ஏற்றினால் டிரான்சிஸ்டர்கள் வேகமாக மாறும், தாமதம் குறையும், ஆனால் மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடும். 4.5-இல் 1.2 வோல்ட் என்று இருந்ததை 5-க்கும் 1.35-க்கும் கொண்டுபோனால் வேகம் 11 சதவீதம்தான் கூடியிருக்கும், மின்செலவு சுமார் 40 சதவீதம் கூடியிருக்கும். அது அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

சரி, எப்படிச் சோதிப்பது? சினிபெஞ்ச் படம் வரைந்து மதிப்பெண் போடும், வரைந்தது சரியா என்று பார்க்காது. பிரைம்95, ஒய்-க்ரஞ்சர், ஓசிசிடி மாதிரி டூல்கள் போட்ட கணக்கைத் தாங்களே சரிபார்க்கும், அதனால்தான் அவை வேண்டும். ஆரம்பிக்கும் முன் ரேமின் எக்ஸ்எம்பியை (ரேமை அதிக வேகத்தில் ஓட்டும் செட்டிங்) அணைத்து இயல்பு வேகத்தில் வையுங்கள். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் பிழை வரும்போது எது காரணம் என்று தேடியே இரவு போய்விடும். பிரைம்95-இல் ஸ்மால் எஃப்எஃப்டி என்ற சோதனை, புராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான கேஷுக்குள்ளேயே சுற்றும், கோரையும் கூலரையும் பிழிந்து எடுக்கும். பிளெண்ட் என்ற சோதனையைப் போட்டால் ரேமும் மெமரி கன்ட்ரோலரும் உள்ளே வரும். அதனால் முதலில் ஸ்மால், அது தேறிய பிறகு எக்ஸ்எம்பி, அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86, கடைசியில் பிளெண்ட்.

ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றும்போதும் 15 நிமிடம் போதும், அது வெறும் வடிகட்டல். நிற்க வேண்டிய இடம் தெரிந்த பிறகுதான் உண்மையான சோதனை. வாட்டர் கூலர் இருந்தால் உள்ளே இருக்கும் நீர் முழுதாகச் சூடேறவே அரை மணி நேரம் ஆகிவிடும், அதனால் ஸ்மால் எஃப்எஃப்டி குறைந்தது இரண்டு மணி நேரம், பிளெண்ட் ஒரு முழு இரவு. ஓடும்போது சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்து வெப்பத்தோடு க்ளாக் வேகத்தையும் பாருங்கள். பெரும்பாலான இன்டெல் டெஸ்க்டாப் சிப்களுக்கு 100 டிகிரி செல்சியஸ், ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 எல்லை. அதைத் தொட்டால் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது நீங்கள் சோதிப்பது 5 கிகாஹெர்ட்ஸையே இல்லை. நான் 90-க்கு மேல் போகவிடுவதில்லை.

ஒரு பிழையும் இல்லாமல் இரவு ஓடிவிட்டாலும் காலையில் விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து டபிள்யூஎச்இஏ-லாகர் (ஹார்டுவேர் பிழைகளைப் பதிவது) என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். எண் 19 இருந்தால், ஒரு பிழை நடந்து ஹார்டுவேர் அதைத் திருத்திக்கொண்டது என்று பொருள். திருத்திவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், விளிம்பில் நிற்கிறீர்கள் என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது. அப்படி ஒரு வரி இருந்தாலும் அந்த செட்டிங் எனக்குத் தோல்விதான்.

பலரும் கோட்டை விடுவது லேசான சுமையில். வேகத்தை சிப்பே ஏற்றி இறக்கும்படி விட்டிருந்தால், எல்லாக் கோரும் முழுவீச்சில் ஓடும்போது வேகம் ஓரளவு இறங்கியிருக்கும், பிரவுசரில் ஒரு டேப் திறக்கும்போது ஒரே ஒரு கோர் உச்சத்துக்குப் பாயும். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற செட்டிங்கை வைத்து வோல்டேஜைக் குறைத்தவர்களுக்கு இரவு முழுக்க பிரைம்95 தேறிவிட்டு, காலையில் சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான். கோர்சைக்லர் என்ற டூல் ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும், அதற்கும் ஒரு இரவு ஒதுக்குங்கள். லோட்-லைன் கேலிப்ரேஷன் என்ற பயாஸ் செட்டிங்கும் இங்கே விளையாடும்: சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்குவதை அது தடுக்கும், ஆனால் அதை உச்ச லெவலில் வைத்தால் சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் நீங்கள் போட்டதைத் தாண்டி எகிறும். நடு லெவல் போதும்.

பிழை வந்தால் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். 0.01 அல்லது 0.02 வோல்ட் ஏற்றிப் பாருங்கள், இரண்டு மூன்று படியில் சரியாகாவிட்டால் 100 மெகாஹெர்ட்ஸ் இறங்கிவிடுங்கள். கூடுதல் வோல்டேஜ் சிப்பை நிரந்தரமாகவே கெடுக்கும். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் சிப்கள் நிலையில்லாமல் போன பிரச்சினைக்குத் தேவைக்கு மேற்பட்ட வோல்டேஜ் காரணம் என்று இன்டெல்லே 2024-இல் சொல்லி மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வெளியிட்டது, அதுவும் ஓவர்க்ளாக் செய்யாத கம்ப்யூட்டர்களுக்கும் சேர்த்து. அந்தத் தலைமுறை சிப் என்றால் பயாஸ் அப்டேட் செய்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

எல்லாம் தேறிய பிறகு நான் ஒன்று செய்வேன், பலர் செய்வதில்லை: 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துவிடுவேன். இன்று தேறியது இன்றைய அறை வெப்பத்தில், தூசி இல்லாத ஃபேனில் தேறியது. ஆறு மாதம் கழித்து இரண்டும் இப்படியே இருக்காது. அந்த 2 சதவீத வேகம் கேமில் கண்ணுக்கே தெரியாது. 1998-இல் 300 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் சிப்பான செலரான் 300ஏ-வை 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியவர்களுக்குக் கிடைத்தது 50 சதவீதம், அதற்காகக் கொஞ்சம் அபாயம் எடுத்ததில் நியாயம் இருந்தது. இன்றைய சிப்கள் டர்போவிலேயே (சிப் தானாக ஏற்றிக்கொள்ளும் வேகம்) எல்லைக்குப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. அதே கம்ப்யூட்டரில் கணக்கு வழக்கு, ஆய்வேடு, ஒரே பிரதியாக இருக்கும் படங்கள் என்று ஏதாவது இருந்தால், ஓவர்க்ளாக்கே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இப்போதைக்கு முக்கியமான ஃபைல்களை இயல்பு வேகத்திலேயே வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, இன்று இரவே ஸ்மால் எஃப்எஃப்டியில் ஆரம்பியுங்கள். எந்த வொர்க்கர் எத்தனையாவது நிமிடத்தில் நின்றது, அப்போது வோல்டேஜும் வெப்பமும் எவ்வளவு என்று இங்கேயே எழுதுங்கள். எப்போதும் ஒரே கோர்தான் நிற்கிறது என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்.