விற்கும் நோக்கில் வீட்டைப் புதுப்பிக்கலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, அம்மாப்பேட்டையில் 3 சென்ட் மனையில் என் தந்தை 1984இல் கட்டிய தளம் போட்ட வீட்டில் நானும் மனைவியும் வசிக்கிறோம். முன்கூடத்தில் இரண்டு குழித்தறிகள் இருந்தன. இப்போது நெசவு இல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருப்பதால் நான்கைந்து ஆண்டுகளில் வீட்டை விற்கும் எண்ணம் உண்டு. 12 லட்சம் ரூபாயில் மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், கிரானைட் தரை ஆகியவற்றைச் செய்துவிட்டால் நல்ல விலைக்குப் போகும் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். செய்யலாமா? தந்தை காலமாகிவிட்டார்; வீட்டில் என் தங்கைக்கும் பங்கு உண்டு.
— ஒரு வாசகர், சேலம்

பதில்: அந்த மூன்று வேலைகளையும் இப்போதைக்கு ஒதுக்கிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டை வாங்க வருபவர் பெரும்பாலும் வங்கிக் கடனை நம்பித்தான் வருவார். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் மனைக்கு ஒரு விலையும் கட்டடத்துக்கு ஒரு விலையுமாகத் தனித்தனியே போட்டு, கட்டடத்தின் வயதுக்கேற்பத் தேய்மானத்தைக் கழித்துவிடுவார். நாற்பது ஆண்டு கடந்த வீட்டில் இந்தக் கழிவுக்குப் பின் கட்டடத்துக்கென்று மிஞ்சுவது சொற்பம். விலையின் பெரும்பகுதி மனையில்தான் இருக்கும். ஜிப்சம் பலகையும், ஒருவருடைய ரசனைக்கேற்பச் செய்த சமையலறை அலமாரியும் அந்தக் கணக்கில் ஏறுவது அரிது. ஆனால் ஒழுகும் தளத்தையோ அதிர்ச்சி தரும் சுவிட்ச் பெட்டியையோ கண்டுவிட்டால், அதைச் சரிசெய்ய ஆகும் தொகையைவிடக் கூடுதலாகவே பேரத்தில் குறைத்துக் கேட்பார்கள். ஆகவே விலையை இறக்கக்கூடிய குறைகள் எவையோ, அவற்றை நீக்குவதற்கே தங்கள் பணம் முதலில் போக வேண்டும்.

செங்கல்லைத் தொடுவதற்கு முன் ஆவணங்களைப் பாருங்கள். வாரிசுச் சான்று பெற்றாயிற்றா, பட்டாவும் சொத்து வரியும் மின் இணைப்பும் தந்தை பெயரிலேயே இருக்கின்றனவா, 1984இல் பெற்ற கட்டட அனுமதி வரைபடம் கைவசம் உள்ளதா, அதில் இல்லாத அறை ஏதேனும் பின்னர் கட்டப்பட்டுள்ளதா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அனுமதியில் இல்லாத பகுதிக்குப் பல வங்கிகள் மதிப்பே போடுவதில்லை. மனை அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் அடங்கியது என்றால், 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த விதிகளின்படி அந்த வேலை முடிந்துவிட்டதா என்றும் மாநகராட்சியில் விசாரியுங்கள். தங்கைக்கும் உரிமை இருப்பதால், யார் எவ்வளவு செலவிடுகிறார், விற்றபின் அந்தத் தொகை முதலில் செலவிட்டவருக்குத் திரும்ப வருமா என்பதை இருவரும் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்வது மிக அவசியம். அண்ணன் தங்கைக்குள் எழுத்து எதற்கு என்று தோன்றலாம். எழுதி வைக்காத குடும்பங்களில்தான் விற்பனை நாளன்று மனக்கசப்பு வருகிறது.

அடுத்தது தளம். சுருக்கியும் (செங்கல்தூள் சேர்த்த சுண்ணாம்புக் கலவை) தட்டோடும் பதித்த மொட்டைமாடியானால், ஓடுகளின் இடுக்குகளில் பூச்சு உதிர்ந்திருக்கிறதா, மழைநீர் குழாய் வாய்க்கு ஓடுகிறதா, தேங்குகிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியே அறியலாம். குளியலறைக்கு மேலும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழும் கூரையின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற ஓசை கேட்டால், பெரும்பாலும் கம்பி துருப்பிடித்து உப்பிக் காரையைத் தள்ளுகிறது என்று பொருள். அங்கே தளர்ந்த காரையை முழுவதும் கொத்தி எடுத்து, கம்பியின் துருவை நீக்கித் துருத்தடுப்புப் பூச்சு பூசி, அதற்குரிய கலவையால் நிரப்ப வேண்டும். வெறும் சிமென்ட் பூசி மறைத்தால் சில மழைக்காலங்களில் மறுபடி விழும். ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவும் காரணம்: இத்தனை வயதான தளத்தைக் கண்ணில் படாமல் மூடிவிடக் கூடாது.

மின்கம்பிகள் 1984இல் இழுத்தவையே என்றால் தயங்காமல் முழுவதையும் மாற்றுங்கள். விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குகளுக்கு 2.5, ஏசிக்கு 4 என்ற அளவில் செம்புக் கம்பியும், சரியான எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் இருக்கட்டும். விற்கும்வரை அங்கே வசிக்கப்போவது தாங்களும் தங்கள் மனைவியும்தான். இது உயிரைக் காக்கும் செலவு. பழைய இரும்புக் குழாய்களையும் இதே சமயத்தில் மாற்றிவிட்டால் சுவரை ஒருமுறை மட்டும் கொத்தினால் போதும்.

தங்கள் வீட்டில் உண்மையிலேயே விலை ஏற்றக்கூடிய இடம் அந்தத் தறிக்கூடம். நெருக்கமான வீதியில் கார் நிறுத்த இடமுள்ள வீடு என்பது வாங்குபவர் முதலில் கேட்கும் வசதி. ஆனால் குழித்தறிப் பள்ளத்தில் இடிபாட்டைக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டிவிடக் கூடாது. பள்ளத்தின் அடியிலுள்ள மட்கிய மரத்துண்டுகளை அகற்றி, கிராவல் மண்ணை அரையடி அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் தெளித்துத் திமிசால் இடித்து இறுக்கி, அதன்மேல் கான்கிரீட் போட வேண்டும்; இல்லையென்றால் கார் நிற்கும் இடம் உள்வாங்கிவிடும். வாசலை அகலப்படுத்தும்போது கவனம் தேவை. அக்கால வீடுகளில் செங்கல் சுவரே தளத்தைத் தாங்குவது வழக்கமாதலால், பொறியாளர் பார்த்து உத்தரத்துக்குக் கணக்குப் போட்டுத் தராமல் ஒரு வரிசைச் செங்கல்லைக்கூட எடுக்க வேண்டாம். சாய்தளம் தங்கள் மனைக்குள்ளேயே அமைய வேண்டும். தெருச் சாக்கடையின் மேல் நீளக் கூடாது.

இவை முடிந்து பணம் மிஞ்சினால் ஒரு குளியலறையை நன்றாகச் செய்யுங்கள். தரை பழைய சிவப்புக் காவியோ மொசைக்கோ ஆனால், விரிசல் இல்லாதவரை மெருகேற்றினாலே போதும், கிரானைட் தேவையில்லை. ஈசானிய மூலையில் புதிதாகக் கழிப்பறை கட்டாதீர்கள். தங்களுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், வாங்க வருபவர்களில் பலர் அதைப் பார்க்கிறார்கள்.

கேள்வி: புதுப்பித்த செலவை வீடு விற்கும்போது வருமான வரியில் கழிக்க முடியுமா?
— ஒரு வாசகி, அழகாபுரம்

பதில்: கூடுதல் அறை, புதிய தளம், நிலையான மாற்றங்கள் போன்ற மேம்பாட்டுச் செலவை மூலதன ஆதாயத்தில் கழிக்கலாம், வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழிக்க இயலாது. 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கிய சொத்தானால் அந்த ஏப்ரல் 1ஆம் தேதியின் சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் கொள்ளலாம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீட்டை அதன்பின் விற்கும்போது, நீண்டகால ஆதாயத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 12.5 சதவீதமோ, சரிக்கட்டலுடன் 20 சதவீதமோ, எது குறைவோ அந்த வரி என்ற சலுகை இந்தியாவில் வசிக்கும் தனிநபர்களுக்கு உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் பங்காளிக்கு அது கிடையாது. பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்த கூலியைப் பின்னால் நிரூபிக்க முடியாது என்பதால், ஒப்பந்தக்காரருக்கு வங்கி வழியாகவே பணம் செலுத்தி ரசீதுகளை வைத்திருங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் சிறிய வீடு ஒன்று உள்ளது. இரண்டு அறைகள் சேர்த்து, பள்ளத்தாக்குப் பக்கம் கண்ணாடிச் சுவர் வைத்து விற்கலாமா?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: ஏற்காடு, 1990இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருவதால், சமவெளியில் நடப்பதுபோல் அறையை முதலில் கட்டிவிட்டுப் பிறகு அனுமதி கேட்கும் எண்ணமே வேண்டாம். அனுமதியின்றிச் சேர்த்த இரண்டு அறைகள், ஏற்கெனவே முறையாக உள்ள வீட்டின் விற்பனையையும் சிக்கலாக்கிவிடும். அந்தப் பணத்தில் வீட்டுக்குப் பின்னால் உள்ள தாங்குசுவரைப் பாருங்கள். நீர் வெளியேறும் துளைகள் அடைபட்டிருந்தால், மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னால் தேங்கும் நீரின் அழுத்தமே அதைச் சாய்த்துவிடும். சரிவில் வரும் நீரை வீட்டைச் சுற்றித் திருப்பிவிடும் வாய்க்காலும், ஈரம் ஏறாத சுவர்களும், பனிமூட்டத்தில் ஊறி உப்பாத மரவேலையும் உள்ள வீட்டை மழை நாளில்கூடத் தயங்காமல் காட்டலாம். கண்ணாடிச் சுவருக்குப் பதிலாக, இருக்கும் சன்னலை அகலப்படுத்தினாலே பள்ளத்தாக்கு தெரியும்.

கேள்வி: விற்பதற்கு எவ்வளவு காலத்துக்கு முன் வண்ணம் பூச வேண்டும்?
— ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: ஒழுகலைச் சரிசெய்தபின் ஒரு வடகிழக்குப் பருவமழையைக் கடந்து, சுவர் உலர்ந்ததை உறுதிசெய்துகொண்டு, தை மாதத்துக்கு மேல் வெளிர் நிறத்தில் பூசுங்கள். ஈரக் கறையைச் சுவர்ப் பட்டிப் பூச்சால் மூடி விற்பது முறையுமன்று, சட்டத்துக்கு உகந்ததுமன்று. தமக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டுபிடிக்க இயலாத பெரிய குறைகளை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவில் கூறுகிறது. செய்த பழுதுபார்ப்பின் ரசீதையும், வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் சேர்த்துக் காட்டுங்கள். வாங்குபவருக்கு அவை தரும் நம்பிக்கையைப் புது வண்ணம் தராது.